அந்தக் கம்மல் எந்த மாசம் வீட்டில் இருந்தது?

“ஆன்ட்டி, இந்தக் கதையில அந்த அம்மா கம்மலைக் கொண்டுபோய் வைக்கிறாங்களே, அது எந்த மாசம்?”

ஒரு வருடத்துக்கு மேலாக இந்தக் கேள்வி என்னை விடவில்லை. கேட்டவள் பி.காம். இரண்டாம் வருடம் படிக்கிற பெண். அவளுடைய அம்மா 14 வருடமாக எங்கள் மந்தைவெளி வீட்டுக்கு வேலைக்கு வருகிறார். முன்பு ஆற்றோரம் குடிசையில் இருந்தவர்கள், இப்போது கண்ணகி நகர். கதை நான் எழுதியது. வீட்டு வேலை செய்யும் ஒரு பெண், மகளின் கல்லூரிக் கட்டணத்துக்காகத் தன் ஒரே நகையான அரைப் பவுன் கம்மலை அடகு வைக்கிறாள். வெறும் காதைத் தடவிக்கொண்டே பஸ் ஸ்டாண்டில் நின்று அழுகிறாள். மூன்று வருடம் கழித்து மகள் முதல் சம்பளத்தில் அதை மீட்டுக்கொண்டு வந்து அம்மாவின் காதில் போட்டுவிடுகிறாள். மாதம் ஒரு ஞாயிறு பெசன்ட் நகர் கடற்கரையில் நண்பர்கள் சிலர் கூடிக் கதை படிப்போம். அங்கே இதைப் படித்தபோது ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். இன்னொருவர், “காதைத் தடவுற இடம் பிரமாதம்” என்றார். அன்று இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை, அவ்வளவு சந்தோஷம்.

அடுத்த சனிக்கிழமை நல்ல மழை. அம்மாவுக்குக் குடை கொண்டுவந்த அந்தப் பெண் மழை விடட்டும் என்று எங்கள் ஹாலில் உட்கார்ந்திருந்தாள். நானே போய்க் கதையின் பிரதியைக் கொடுத்தேன். ஏன் கொடுத்தேன் என்று இப்போது யோசித்தால் கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது. அவள் படித்துவிட்டு “எங்க அம்மா மாதிரியே இருக்கு ஆன்ட்டி” என்று சொல்ல வேண்டும் என்று எனக்கு ஆசை. கடற்கரையில் கிடைத்த பாராட்டைவிட அந்த ஒரு வார்த்தை எனக்குத் தேவையாக இருந்தது.

அவள் நிதானமாகப் படித்தாள். இரண்டு இடத்தில் பின்னால் போய் மறுபடியும் பார்த்தாள். அப்புறம்தான் அந்தக் கேள்வி.

“ஜூன்னு வச்சுக்கயேன். காலேஜ் தொறக்கிற நேரம்” என்றேன்.

“ஜூன்ல கம்மல் வீட்டுல இருக்காதே” என்றாள்.

எனக்குப் புரியவில்லை. அவள் பொறுமையாகச் சொன்னாள். அவர்கள் வீட்டுக் கம்மல் வருடத்தில் முக்கால்வாசி நாள் சேட்டின் அடகுக் கடையில்தான் இருக்கும். சொந்தத்தில் கல்யாணம், வளைகாப்பு என்று ஏதாவது வந்தால் யாரிடமாவது கைமாற்று வாங்கி மீட்டுக்கொண்டு வருவார்கள். விசேஷம் முடிந்த மறுநாளோ அதற்கு அடுத்த நாளோ அது திரும்பப் போய்விடும், கைமாற்றை அடைக்க வேண்டுமே. “நகை அங்கதான் ஆன்ட்டி இருக்கும். எங்க வீட்டுக்கு விருந்தாளி மாதிரி வந்துட்டுப் போகும்.” இதைச் சொல்லும்போது அவள் முகத்தில் வருத்தம் எதுவும் இல்லை. நம் வீட்டில் பால் எத்தனை மணிக்கு வரும் என்று சொல்வதுபோலத்தான் சொன்னாள்.

“அப்புறம் ஃபீஸுக்குன்னு எழுதியிருக்கீங்க. கவர்மென்ட் காலேஜ்ல அவ்வளவு ஃபீஸ் இல்ல. எனக்குப் புதுமைப் பெண் திட்டத்துல மாசம் ஆயிரம் ரூபாய் வேற வருது. அம்மா வைக்கிறது தண்டல் கட்ட. தினம் வசூல் பண்ற கடன்.”

இன்னொன்றும் சொன்னாள். சொல்லலாமா வேண்டாமா என்று யோசித்துவிட்டுத்தான் சொன்னாள். “வெறும் காதோட யாரும் வெளிய வர மாட்டாங்க ஆன்ட்டி. கவரிங் போட்டுப்பாங்க. வச்சிருக்கோம்னு நாலு பேருக்குத் தெரியணுமா என்ன?”

சமையலறையில் பாத்திரம் கழுவும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அவருடைய காதில் அன்று இருந்தது தங்கமா கவரிங்கா? 14 வருடத்தில் ஒரு நாள்கூட நான் கவனித்ததில்லை. வங்கியின் நகைக்கடன் கவுண்டரில் 11 வருடம் உட்கார்ந்தவள் நான்.

கவுண்டருக்கு இந்தப் பக்கம்

அந்த 11 வருடத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். மதிப்பீட்டாளர் உரைகல்லில் உரசிப் பார்த்து, எடை போட்டு, கல், அழுக்கு எடையைக் கழித்து நிகர எடை சொல்வார். மதிப்பில் ஏறக்குறைய முக்கால் பங்கு கடன். துணிப்பையில் போட்டு, சீட்டு எழுதிக் கட்டி, முத்திரை வைத்து இரும்பு அறைக்குள் அனுப்புவோம். ஒரு வருடத்துக்குள் அசலும் வட்டியும் கட்டி மீட்க வேண்டும். முடியாதவர்கள் வட்டியை மட்டும் கட்டித் திருப்பி வைப்பார்கள். அதுவும் முடியாவிட்டால் நோட்டீஸ் போகும், பிறகு செய்தித்தாளில் ஏல அறிவிப்பு. நகை “மூழ்கிப்போச்சு” என்று மக்கள் சொல்வார்கள். எங்கள் பதிவேட்டில் அந்த வார்த்தைக்கு இடமில்லை. அந்த வார்த்தையைச் சொல்லும்போது ஆட்களின் குரல் இறங்குவதை மட்டும் நான் கேட்டிருக்கிறேன்.

கவுண்டரில் முகங்கள் மறந்துபோகும், நகைகள் மறக்காது. ஒரு கல் விழுந்த அட்டிகை வருடா வருடம் ஜூன் முதல் வாரத்தில் வரும், பொங்கலுக்கு முன்னால் போகும், பொங்கல் முடிந்து இரண்டே வாரத்தில் திரும்ப வரும். “மறுபடியும் வந்துட்டீங்களா?” என்று நானே சிரித்துக்கொண்டு கேட்டிருக்கிறேன். ஆக, அந்தப் பெண் சொன்ன சுழற்சி எனக்குத் தெரியாத விஷயம் இல்லை. என் கையாலேயே அதைப் பதிவேட்டில் எழுதியிருக்கிறேன். ஆனால் கதை எழுத உட்கார்ந்தபோது அந்த அட்டிகை ஏன் என் நினைவுக்கு வரவில்லை?

பதில் கிடைக்கச் சில வாரங்கள் ஆயின. கிடைத்தபோது அவமானமாக இருந்தது.

1987-இல் அப்பாவுக்கு ஒரு அறுவை சிகிச்சை நடந்தது. அம்மா தன் இரண்டு வளையல்களைக் கழற்றிக் கொடுத்தாள். கழற்றும்போது சோப்பு போட வேண்டியிருந்தது, அவ்வளவு நாளாகக் கையிலேயே இருந்தவை. நாலு மாதத்தில் அப்பா பி.எஃப். முன்பணம் வாங்கி மீட்டுவிட்டார். அவ்வளவுதான் நடந்தது. ஆனால் இன்றைக்கும் எங்கள் வீட்டில் யாராவது “அந்த வளையல் சமயத்துல” என்று ஆரம்பித்தால் எல்லாரும் அமைதியாகிவிடுவோம். அந்த நாலு மாதமும் அம்மா புடவைத் தலைப்பால் மணிக்கட்டை மூடிக்கொண்டே இருந்தாள். அடகு என்பது எங்களுக்கு ஒரே ஒரு தடவை நடந்தது. அதனாலேயே அதற்கு ஒரு தொடக்கம், ஒரு உச்சம், ஒரு முடிவு எல்லாம் இருந்தன. கதையில் நான் எழுதியது அம்மாவின் வளையலைத்தான். அதைக் கம்மலாக்கி வேலைக்காரப் பெண்ணின் காதில் மாட்டி, அவளைப் பஸ் ஸ்டாண்டில் நிற்க வைத்து அழச் சொல்லியிருக்கிறேன். வறுமையை எழுதுகிறேன் என்று நினைத்துக்கொண்டு, நடுத்தரக் குடும்பத்தின் ஒரு பயத்தை வேறொருத்தியின் மேல் ஏற்றிவிட்டேன்.

பணம் பாத்திரங்களின் வாழ்க்கையை மாற்றுகிறது என்று பொதுவாகச் சொல்கிறோம். பணக்காரன் மகன் வெளிநாடு போகிறான், ஏழை மகன் பட்டறைக்குப் போகிறான் என்கிற மாதிரி. எனக்கு இப்போது அது போதாது என்று தோன்றுகிறது. ஒருவர் வாழ்க்கையில் எது சம்பவம், எது வழக்கம் என்பதையே பணம்தான் முடிவு செய்கிறது. ஒரே செயல், நகையை எடுத்துக்கொண்டு தெருவில் இறங்குவது, ஒரு வீட்டில் தலைமுறை தாண்டிப் பேசப்படுகிறது, இன்னொரு வீட்டில் அந்த வாரமே மறந்துபோகிறது. கதை எங்கே தொடங்க வேண்டும், எங்கே உச்சம் என்று நமக்கு இயல்பாகப் படுவது நம்முடைய வருமானத்திலிருந்து வந்தது.

நாற்பது பவுண்டும் முக்கால் ரூபாயும்

இதற்குப் பிறகு எனக்குப் பிடித்த சில கதைகளைக் கணக்குப் பார்த்துக்கொண்டே திரும்பப் படித்தேன்.

ஜேன் ஆஸ்டினின் ‘ப்ரைட் அண்ட் ப்ரெஜுடிஸ்’ 1813-இல் வந்தது. கல்லூரியில் அதைக் காதல் கதையாகப் படித்தோம். இந்தத் தடவை ஒவ்வொரு ஆளுக்கும் பக்கத்தில் வருடத்துக்கு இவ்வளவு பவுண்டு என்று எழுதி வைத்திருப்பது கண்ணில் பட்டது. நாயகன் டார்சிக்குப் பத்தாயிரம், நாயகி எலிசபெத்தின் அப்பாவுக்கு இரண்டாயிரம். அந்த இரண்டாயிரம் வரும் நிலமும் அவர் காலத்துக்குப் பிறகு பெண்களுக்கு இல்லை, ஆண் வாரிசான உறவினருக்குப் போய்விடும். அந்த உறவினரே வந்து பெண் கேட்கும்போது, அம்மாவின் காலத்துக்குப் பிறகு உனக்கு வரப்போவது 4 சதவீத வட்டியில் கிடக்கும் 1,000 பவுண்டுதான் என்று நினைவுபடுத்துகிறார். வங்கிக்காரி கை சும்மா இருக்குமா, பக்க ஓரத்தில் போட்டுப் பார்த்தேன். வருடத்துக்கு 40 பவுண்டு. வருடம் 40 பவுண்டை நம்பி ஒரு பெண் “முடியாது” என்கிறாள். கல்லூரியில் அந்த இடத்தில் நாங்கள் சிரித்தோம். இப்போது எனக்கு வயிற்றைப் பிசைந்தது. அங்கே மறுப்பு ஒரு சம்பவமாவதற்கு அந்த 40 பவுண்டுதான் காரணம்.

ரஷ்ய எழுத்தாளர் கோகலின் ‘மேல்கோட்டு’, 1842. குமாஸ்தா அக்காக்கியின் சம்பளம் வருடத்துக்கு 400 ரூபிள், புதுக் கோட்டின் விலை 80. அவன் சாயங்காலத் தேநீரை நிறுத்துகிறான், மெழுகுவத்தி ஏற்றுவதை நிறுத்துகிறான், செருப்பின் அடி தேயாமலிருக்கத் தெருவில் மெல்ல அடி எடுத்து வைக்கிறான். எல்லாரும் பேசுவது கோட்டு திருடுபோனதையும் பிறகு வரும் ஆவியையும். எனக்கு அந்த மெல்ல நடப்பது போதும். வருமானத்தில் ஐந்தில் ஒரு பங்கை ஒரு துணிக்குக் கொடுப்பவனின் நடையே மாறிவிடுகிறது.

புதுமைப்பித்தனின் ‘பொன்னகரம்’ பற்றி நிறையப் பேர் நிறைய எழுதிவிட்டார்கள். நான் ஒரு தொகையை மட்டும் சொல்கிறேன். புருஷன் அடிபட்டுக் கிடக்கிறான், பால் கஞ்சி கேட்கிறான். மனைவி அம்மாளு ஒருத்தனோடு சந்துக்குள் போய்விட்டு வருகிறாள். அவள் சம்பாதித்தது முக்கால் ரூபாய். அந்த இடத்தில் “கொஞ்சம் பணம்” என்று எழுதியிருந்தால் நாம் கற்பைப் பற்றி நிம்மதியாக விவாதித்துக்கொண்டிருப்போம். முக்கால் ரூபாய் என்றதும் வாயடைத்துப் போகிறோம். கதையில் அவள் அழுவதாக எங்கேயும் இல்லை.

ஆனால் நான் தேடியதற்கு மிகக் கிட்டத்தில் வந்தது அசோகமித்திரனின் ‘தண்ணீர்’. 1973-இல் புத்தகமான நாவல், நம் ஊர்க் கதை. ஜமுனாவும் சாயாவும் அந்தத் தெருப் பெண்களும் குடத்தைத் தூக்கிக்கொண்டு அலைகிறார்கள், நாவல் முழுக்க அலைகிறார்கள். தண்ணீர் கிடைப்பதோ கிடைக்காததோ அங்கே உச்சக்கட்டம் ஆவதில்லை. நாளைக்கும் எழுந்து போக வேண்டும். திரும்பத் திரும்ப நடப்பதையே கதையாக வைக்க முடியும் என்று 50 வருடம் முன்பே ஒருவர் இதே ஊரில் செய்து காட்டியிருக்கிறார். நான் மூன்று தடவை படித்த புத்தகம் அது.

படிக்கும்போது 2019 ஜூன் நினைவுக்கு வந்தது. சென்னைக்குத் தண்ணீர் தரும் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஏரிகள் எல்லாம் வறண்டு கிடந்த மாதம். எங்கள் அடுக்ககத்தில் ஆளுக்கு இவ்வளவு என்று பிரித்து லாரித் தண்ணீர் வாங்கினோம். அந்தக் கோடைக்கு எங்கள் வீட்டில் ஒரு பெயரே உண்டு, “தண்ணி வருஷம்”. அந்தப் பெண்ணின் அம்மா அந்த மாதம் பல நாள் வேலைக்குத் தாமதமாக வந்தார். நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டேன். பிறகு ஒருநாள் பேச்சுவாக்கில் கேட்டபோது, “லாரிக்கு நிக்கிறது என்னிக்கும் இருக்கிறதுதானேம்மா. அந்த வருஷம் வரிசை கொஞ்சம் நீளம்” என்றார்.

சம்பளம் எவ்வளவு?

கதையைத் திருத்த உட்கார்ந்தேன். கல்லூரிக் கட்டணத்தை எடுத்தேன். பஸ் ஸ்டாண்டில் அழுவதை எடுத்தேன், அதற்கு இரண்டு நாள் ஆனது. கடற்கரையில் பாராட்டு வாங்கிய இடம் அல்லவா? அந்தப் பெண்ணை ஒரு ஞாயிற்றுக்கிழமை வரச் சொல்லி, தண்டல் எப்படி என்று கேட்டு எழுதிக்கொண்டேன். 10,000 ரூபாய் கடன் என்றால் 1,500-ஐ முதலிலேயே பிடித்துக்கொண்டு 8,500 கையில் தருவார்கள். தினம் 100 ரூபாய் வீதம் 100 நாள் கட்ட வேண்டும். முழுக்கக் கட்டி முடிப்பவர்கள் குறைவு. பாதி தாண்டியதும் யாருக்காவது உடம்பு சரியில்லாமல் போகும், அதே ஆளிடம் புதுத் தண்டல் வாங்கிப் பழையதைக் கழித்துக்கொள்வார்கள். கம்மல் இதற்கு நடுவில்தான் ஓடிக்கொண்டிருக்கும். 15,000-க்கு வைத்தால் இரண்டு வட்டி, மாதம் 300.

“பேங்க்ல வட்டி கம்மியாச்சே” என்றேன், பழைய பழக்கத்தில்.

“பேங்குக்குப் போனா அரை நாள் போயிடும். அரை நாள் லீவு போட்டா ரெண்டு வீட்டுல முகம் சுளிப்பாங்க. சேட்டுக் கடை ராத்திரி வேலை முடிஞ்சு போனாலும் தொறந்திருக்கும்.” அப்புறம் சட்டென்று, “உங்களைச் சொல்லல ஆன்ட்டி” என்றாள்.

அவள் தன் நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து, கதையில் வரும் அம்மாவுக்கு மாதக் கணக்கு எழுத ஆரம்பித்தாள். பி.காம். படிக்கிற கை, நடுவில் கோடு போட்டு இடது பக்கம் வரவு, வலது பக்கம் செலவு. “அவங்க சம்பளம் எவ்வளவு ஆன்ட்டி? கதையில எங்கயும் இல்லையே?”

இல்லைதான். 22 பக்கக் கதையில் கம்மலின் எடை இருந்தது, மழையின் வாசனை இருந்தது, சம்பளம் இல்லை. நான் மறந்துவிட்டேன் என்று சொன்னால் அது பொய். எழுதும்போதே ஒரு இடத்தில் பேனா நின்றது எனக்கு நினைவிருக்கிறது. என்ன தொகை எழுதினாலும் அது நான் ஒவ்வொரு மாதமும் முதல் வாரத்தில் நாலாக மடித்துக் கொடுக்கிற தொகையாக இருக்கும். அது 3,000 ரூபாய். அதை அச்சில் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. கடற்கரையில் கண்ணைத் துடைத்துக்கொண்ட நண்பருக்கும் அது பிடித்திருக்காது என்று நினைக்கிறேன், அவர் வீட்டிலும் யாரோ பாத்திரம் கழுவுகிறார்கள். அந்த எண் இல்லாததால்தான் நாங்கள் அத்தனை பேரும் அந்தக் கதையில் அவ்வளவு சௌகரியமாக உருக முடிந்தது. எண்ணை எழுதியிருந்தால் நாங்களும் பாத்திரங்களாகியிருப்போம்.

“மூவாயிரம்னு போடும்மா” என்றேன். “நாலு வீடு.”

அவள் எதுவும் சொல்லாமல் 12,000 என்று எழுதினாள். அதன் கீழே அரசு தரும் மகளிர் உரிமைத் தொகை 1,000. தன்னுடைய 1,000. வலது பக்கம் தண்டல் 3,000, சீட்டு 1,000 என்று இறங்கிக்கொண்டே போனது. சீட்டுக்கு எங்கிருந்து பணம் என்று கேட்டேன். 2021-இல் பெண்களுக்கு டவுன் பஸ்ஸில் டிக்கெட் இல்லை என்று ஆனது அல்லவா, தினம் கண்ணகி நகரிலிருந்து வந்துபோகிற காசு மிச்சமானதும் அம்மா சேர்ந்த சீட்டு அது என்றாள். இது தெரியாமல் நான் அந்த இலவச பிங்க் பஸ்ஸைக் கதையில் வண்ணத்துக்காகச் சேர்த்திருந்தேன். பாட்டிக்கு மாத்திரை, கேஸ், கரன்ட், அப்பாவுக்கு பெயின்டிங் வேலை இல்லாத வாரங்களில் கையில் கொடுக்கிறது, சேட்டு வட்டி 300. அவள் கதைக்குக் கணக்கு எழுதுகிறாளா வீட்டுக்கு எழுதுகிறாளா என்று நடுவில் எனக்குக் குழம்பிவிட்டது. அவளுக்கும் குழம்பியிருக்க வேண்டும்.

அந்தத் தாள் இப்போது கதையின் கோப்பில் இருக்கிறது. கதை இன்னும் முடியவில்லை. கம்மல் ஒரு கல்யாணத்துக்காக வீட்டுக்கு வந்து மூன்று நாள் இருந்துவிட்டுப் போகிற இடம் வரைக்கும் எழுதியிருக்கிறேன். அடிக்கடி தாளை எடுத்துப் பார்ப்பேன். வலது பக்கத்தில் எல்லாவற்றுக்கும் கீழே, மற்ற வரிகளைவிடச் சின்ன எழுத்தில் அவள் ஒரு வரி எழுதியிருக்கிறாள். அன்று அவள் போன பிறகுதான் அதைப் பார்த்தேன்.

“ஆன்ட்டி அட்வான்ஸ் பாக்கி – 2,000.”

எப்போது கொடுத்தேன், எதற்குக் கொடுத்தேன், எனக்கு நினைவே இல்லை.